சீர்த்தட்டில் ஒரு சீட்டும் இருக்கட்டும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பாட்டிமார்களுக்கு வணக்கம்.

இந்த மடலை நான் கலெக்டருக்கு எழுதியிருக்கலாம், டாக்டர்களுக்கு எழுதியிருக்கலாம். யோசித்துப் பார்த்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். பிறந்த பிள்ளையை எப்படிக் குளிப்பாட்டுவது, எந்த எண்ணெய் தேய்ப்பது, இரவில் வீறிட்டு அழுதால் ஓமத்தண்ணீரா ஆஸ்பத்திரியா, எத்தனையாவது நாளில் வாசலைத் தாண்டித் தூக்குவது என்று நம் வீடுகளில் முடிவு செய்கிறவர்கள் நீங்கள். பிள்ளை பெற்றவள் உடம்பு தேறாமல் படுத்திருப்பாள். அப்பன் வேலைக்குப் போயிருப்பான். உங்கள் சொல்தான் அங்கே நிற்கும். வாசிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு வீட்டிலுள்ள மருமகளோ பேத்தியோ இதை வாசித்துக் காட்டுங்கள்.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் வேலை. மூன்று வயது, நான்கு வயது, சில சமயம் பள்ளியில் சேர்க்கும் நாள் வந்த பிறகுதான் பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள். ஏம்மா இவ்வளவு நாள் காட்டவில்லை என்று கேட்டால் அம்மாக்காரி தலை நிமிர மாட்டாள். "மாமியார் பொறுத்துப் பாக்கலாம்னாங்க" என்பாள். இல்லாவிட்டால், "எங்கம்மாதான் இப்பவே ஊரக் கூட்ட வேணாம்னாங்க" என்பாள். பொறுத்துப் பார்க்கச் சொன்னது பிள்ளை மேல் உள்ள பாசத்தால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொறுமைக்குப் பிள்ளை கொடுக்கிற விலை என்ன என்பதை உங்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

"எங்க ஊட்டுக்காரரும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தாரு" என்கிறீர்கள். உண்மையாகவே இருக்கலாம், பேச்சு தாமதமாக வரும் பிள்ளைகள் உண்டு. ஆனால் உங்கள் வீட்டுக்காரருக்குக் காது கேட்டது. கூப்பிட்டால் திரும்பியிருப்பார், "அப்பா எங்கே" என்றால் வாசலைப் பார்த்திருப்பார். எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது, வெளியே வரத்தான் நாளானது. காது கேளாத பிள்ளைக்கு உள்ளே எதுவுமே போவதில்லை. இரண்டு பிள்ளைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள். எவ்வளவு நாள் காத்திருந்தாலும் வித்தியாசம் தெரியாது, டெஸ்ட் எடுத்தால்தான் தெரியும். வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுகிறீர்கள். குறை நாக்கில் இல்லையே அம்மா. மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொள்கிறீர்கள். வேண்டிக்கொள்ளுங்கள், அதே வாரத்தில் காது டெஸ்டுக்கும் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று, "தட்டைத் தட்டிப் பார்த்தேன், திரும்பினானே" என்பது. ஒரு பாட்டி இதை என் எதிரிலேயே செய்து காட்டினார். பேரனைத் தரையில் உட்கார வைத்து, பின்னால் நின்று எவர்சில்வர் டம்ளரைக் கீழே போட்டார். பிள்ளை சட்டென்று திரும்பினான். பாட்டிக்கு அவ்வளவு பெருமை. பிறகு அந்தப் பிள்ளையை அவன் அம்மாவின் மடியில் உட்கார வைத்தேன். நிழல் விழாத பக்கமாகப் பாட்டியை நிற்கச் சொல்லி, அவர் இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை ஆட்டச் சொன்னேன். பிள்ளை திரும்பவில்லை. பலமாக ஆட்டினார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் அம்மாவின் தாலிக்கயிற்றைப் பிடித்து விளையாடிக்கொண்டே இருந்தான். டம்ளர் விழுந்தபோது அவனுக்குத் தெரிந்தது தரையின் அதிர்வு. கை தட்டினால் காற்று கன்னத்தில் படும், கதவு திறந்தால் வெளிச்சம் மாறும். காது கேளாத பிள்ளைகள் கண்ணாலும் தோலாலும் இதையெல்லாம் பிடித்துக்கொள்கிற கெட்டிக்காரர்கள். அந்தக் கெட்டிக்காரத்தனமே வீட்டாரை ஏமாற்றிவிடுகிறது.

கைக்குழந்தை "ங்கா", "ஆ" என்று சத்தம் போடுவதும் காது கேட்பதற்கு அத்தாட்சி அல்ல. முதல் சில மாதங்கள் காது கேளாத பிள்ளையும் அப்படித்தான் சத்தம் போடும். மற்றப் பிள்ளைகள் "பாபா", "மாமா" என்று அடுக்கத் தொடங்கும் ஏழு, எட்டு மாதத்தில் இந்தப் பிள்ளையின் சத்தம் வளராமல் நின்றுபோகும், குறைந்தும் போகும். அப்போது நீங்கள் "சாதுப் பிள்ளை, தொந்தரவே இல்லை" என்று மகிழ்கிறீர்கள். பட்டாசு வெடித்தால் அழுகிறதே என்பீர்கள். வெடிச்சத்தம் கேட்கும், ஆனால் "ச", "ஸ" போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது என்று பாதி மட்டும் காது கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள்தான் எல்லாரையும்விடத் தாமதமாகப் பிடிபடுகிறவர்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் மகளுக்கு ஆறு மாதம் நடக்கும்போதே வயிற்றிலிருக்கும் பிள்ளை அவள் குரலைக் கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போது பேச்சைப் பழக மூளை தயாராக இருக்கிறது. ஒலி வந்து சேராவிட்டால், ஒலிக்காக ஒதுக்கியிருந்த இடத்தை மூளை வேறு வேலைகளுக்குக் கொடுத்துவிடும். பிறவியிலேயே கேளாத பிள்ளைகளில், மூன்றரை வயதுக்குள் ஒலி போய்ச் சேர்ந்தவர்களின் மூளை கேட்கும் பிள்ளைகளின் மூளையைப் போலவே அதற்குப் பதில் சொல்கிறது என்றும், ஏழு வயதுக்குமேல் சேர்ந்தவர்களிடம் பெரும்பாலும் அது நடப்பதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் செய்து 1998இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துக் கவனித்த பிள்ளைகள், அதற்குப் பிறகு கண்டுபிடித்த பிள்ளைகளைவிட மொழியில் தெளிவாக முன்னே நின்றார்கள். அதனால்தான் டாக்டர்கள் ஒன்று, மூன்று, ஆறு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்ற முடிவு, ஆறு மாதத்துக்குள் காதுக்கருவியும் பயிற்சியும்.

இந்தக் கணக்கு நம் ஊரில் எங்கே அறுந்துபோகிறது என்று நான் பார்த்திருக்கிறேன். முதல் பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ தாயையும் பிள்ளையையும் புகுந்த வீட்டில் கொண்டுவிடுகிறோம். முதல் டெஸ்ட் ஓர் ஊரில், இரண்டாவது டெஸ்ட் நடக்கவேண்டிய நாளில் பிள்ளை இன்னோர் ஊரில்.

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை திண்டிவனத்தில் பிறந்தது. அப்பா வீடு விழுப்புரம் தாண்டி ஒரு கிராமம். குறைமாதப் பிள்ளை, கூடவே மஞ்சள் காமாலை, கண்ணாடிப் பெட்டியில் விளக்குக்குக் கீழே வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் காது டெஸ்டுக்கு நேராக "ரெஃபர்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. மறுபடி வந்து பார்க்கவேண்டும் என்பது அதற்கு அர்த்தம். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் அதை வாயால் சொல்லவில்லை. தாள் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போய், தாய்வீட்டுப் பீரோவில் தங்கிவிட்டது. பிள்ளை மட்டும் தொட்டில், வெள்ளி அரைஞாண், கொலுசு, பேபி சோப்பு டப்பா சகிதம் அப்பா வீட்டுக்குப் போனது. எங்களிடம் வந்தபோது அதற்கு நான்கு வயது முடிந்திருந்தது. அந்தத் தாள் அப்போதும் பீரோவில்தான் இருந்தது. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

தாள் தொலைவது மட்டுமல்ல, ஒளிக்கப்படுவதும் உண்டு. பெண்ணைப் பெற்ற பாட்டிக்கு ஒரு பயம். பிள்ளைக்குக் குறை என்று தெரிந்தால் சம்பந்தி வீட்டில் என் மகளை என்ன சொல்வார்களோ என்று. அந்தப் பயம் காரணமில்லாததும் அல்ல. "எங்க வம்சத்துல இப்பிடி யாருமில்ல, உன் வழிதான்" என்று ஒரு மாமியார் என் அறையிலேயே சொல்லக் கேட்டிருக்கிறேன். பையனைப் பெற்ற பாட்டிமார்களே, இதை மட்டும் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். பிறவியில் காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகக் காது கேட்கும் தாய்தகப்பனுக்குத்தான் பிறக்கிறார்கள். பரம்பரையாக வரும் கேளாமையில் பெரும்பகுதி, அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று பழுதான மரபணு இரண்டும் சேர்ந்தால்தான் வரும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே "உன் வழி" என்று ஒருத்தியைக் கைகாட்ட நியாயமே இல்லை. பரம்பரையே இல்லாமல், கர்ப்பத்தில் வந்த ருபெல்லா அம்மையாலும், குறைமாதப் பிறப்பாலும், கடுமையான காமாலையாலும், மூளைக்காய்ச்சலாலும் கேளாமை வருகிறது.

மரபணு என்று சொல்லிவிட்டதால் இதையும் சொல்லவேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். ஒரே வேரிலிருந்து வந்த இருவர் சேரும்போது, ஒளிந்திருக்கும் அதே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். சொத்து பிரியக்கூடாது, உறவு விடக்கூடாது என்று அந்தக் கல்யாணங்களைப் பேசி முடிக்கிறவர்களும் நீங்கள்தான். முடிந்துபோன கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சொந்தத்தில் கட்டிய வீட்டில் பிள்ளை பிறந்தால் காது டெஸ்டை ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

டெஸ்ட் என்றதும் ஊசி, ரத்தம், கரண்ட் ஷாக் என்றெல்லாம் பயப்படுகிறீர்கள். முதல் டெஸ்டுக்குப் பெயர் ஓ.ஏ.ஈ. பிள்ளை பால் குடித்துத் தூங்கும்போது காதில் மெத்தென்ற ஒரு சின்ன ரப்பர் முனையை வைப்பார்கள். கருவி மெல்லிய ஒலி கொடுக்கும். உள்காது நன்றாக இருந்தால் அதிலிருந்து மிகச் சிறிய எதிரொலி ஒன்று திரும்பி வரும், கருவி அதைப் பிடித்துச் சொல்லிவிடும். சில நிமிட வேலை. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமோ மாவோ இருந்தாலும் எதிரொலி வராது, அதனால் முதல் டெஸ்டில் தேறவில்லை என்றால் பதற வேண்டாம். ஆனால் இரண்டாவது டெஸ்டை விடவே கூடாது. அடுத்தது பெரா. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, ஒலி காதிலிருந்து மூளைத்தண்டு வரை போகிறதா என்று பார்ப்பது. வலி கிடையாது. ஐந்து மாதத்துக்குள் என்றால் பால் குடித்த தூக்கத்திலேயே முடிந்துவிடும், வளர்ந்த பிள்ளைக்குத்தான் தூக்க மருந்து கொடுக்கவேண்டி வருகிறது. கண்ணாடிப் பெட்டியில் இருந்த பிள்ளை, காமாலை கடுமையாக வந்த பிள்ளை என்றால் முதல் டெஸ்டில் தேறினாலும் பெராவையும் கேட்டு எடுங்கள். உள்காது நன்றாக இருந்து நரம்பில் கோளாறு இருக்கும் பிள்ளைகளை முதல் டெஸ்ட் காட்டிக்கொடுக்காது.

எங்கே போவது? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே மெயின் ரோட்டில்தான் இருக்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவு என்று கேளுங்கள். வானூர், மரக்காணம் பக்கத்தவர்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் கிட்டம். உங்கள் ஊர் நர்சம்மாவிடமும் அங்கன்வாடியிலும் சொல்லிவைத்தால் வழிகாட்டுவார்கள். பிறந்த பிள்ளை முதல் 18 வயது வரை குறைகளைக் கண்டறிய 2013இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் காது கேளாமையும் சேர்ந்திருக்கிறது.

பிரசவம் பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் காது டெஸ்ட் கருவி இல்லை என்பார்கள். விலை அதிகம் என்பார்கள். கொச்சியில் 2003 முதல் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தார் ஒரு வழி செய்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு கருவி வாங்காமல், பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு, வாரத்தில் குறித்த நாட்களில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்ப் பிறந்த பிள்ளைகளைப் பார்த்தார். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே பஸ்ஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். இங்கேயும் அது நடக்கும். டிஸ்சார்ஜ் பில்லுக்குப் பணம் கட்டும் மேஜையில் நின்று, "காது டெஸ்ட் எடுத்தாச்சா" என்று பாட்டிமார் ஒவ்வொருவரும் கேட்கத் தொடங்கினால் நடக்கும்.

குறை உண்டென்று உறுதியானால் என்ன? சில மாதப் பிள்ளைக்கே காதுக்கருவி மாட்டலாம். "காதுல மெஷினோட பாத்தா நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா" என்று ஆறு மாதப் பிள்ளையின் கல்யாணத்தை நினைத்து அழுகிறீர்கள். பேசிப் படித்து வேலைக்குப் போகும் பிள்ளையைப் பற்றி முதலில் நினையுங்கள். கருவியை மாட்டி, உறவுக்காரர் வந்தால் கழற்றி ஒளித்துவைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். கழற்றி வைத்த நேரமெல்லாம் பிள்ளைக்கு நஷ்டம்.

காதுக்கருவியாலும் பலனில்லாத அளவுக்குக் கேளாமை இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. லட்சக்கணக்கில் ஆகும் அந்தச் சிகிச்சை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது. பல வீடுகளில் இந்த ஆறு வயதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஆறு வரைக்கும் டைம் இருக்கே" என்கிறார்கள். ஆறு வயது என்பது கடைசி பஸ். முதல் பஸ் இருக்கும்போது யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை. மூளை சார்ந்த கணக்கு அதற்கு வெகு முன்பே ஓடத் தொடங்கிவிடுகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் காதுக்கு வெளியே மாட்டும் கருவியைப் பராமரிக்க வேண்டும், மாதக்கணக்கில் பயிற்சிக்கு வரவேண்டும். செலவு உண்டு, அலைச்சல் உண்டு. அந்த அலைச்சலில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கூலிக்குப் போகும் உங்கள் மகனும் மருமகளும் மூச்சுவிடுவார்கள்.

கருவியே வேண்டாம், சைகை மொழியில் வளர்க்கிறோம் என்று ஒரு குடும்பம் முடிவு செய்தால் அதையும் நான் மதிக்கிறேன். சைகை மொழியும் முழுமையான மொழி. ஆனால் அதையும் கைக்குழந்தையிலேயே தொடங்கவேண்டும், வீட்டார் எல்லாரும் கற்கவேண்டும். கேட்டும் பழகாமல் சைகையும் இல்லாமல் எந்த மொழியுமே இன்றி ஐந்து வருடம் ஒரு பிள்ளையை உட்காரவைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

உங்களுக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் நாங்கள் தரும் பயிற்சியால் மட்டும் பேச்சு வராது. காதுக்கருவி மாட்டிய பிள்ளையிடம் நாள் முழுக்க யாராவது பேசவேண்டும். குளிப்பாட்டும்போது "தண்ணி சுடுதா", சோறு ஊட்டும்போது "பருப்பு சாதம், இன்னொரு வாய்", கோழிக்குத் தீனி போடும்போது "பா பா", தூங்கவைக்கும்போது தாலாட்டு. பாட்டி வீட்டில் இருந்து சலிக்காமல் பேச்சுக்கொடுத்த பிள்ளைகள் எங்களிடம் எவ்வளவு வேகமாக முன்னேறுகிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். பிள்ளைக்குக் காது கேட்காது என்று தெரிந்ததும் பேசுவதையே நிறுத்திவிடாதீர்கள்.

காது நன்றாக இருக்கும் பிள்ளைகளுக்காகவும் ஒரு வார்த்தை. காதில் காய்ச்சிய எண்ணெய் ஊற்றாதீர்கள். தாய்ப்பால் பீச்சாதீர்கள். ஹேர்பின், கோழி இறகு விடாதீர்கள். சீழ் வடிந்தால் "பல் முளைக்குது" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளைகளின் கேளாமையில் ஏறக்குறைய 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசியை ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதிலும் தவறாமல் போடுங்கள். டெஸ்டில் தேறிய பிள்ளையாக இருந்தாலும், பெரிய காய்ச்சலுக்குப் பிறகு கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் மறுபடி காட்டுங்கள்.

காதுகுத்தை நாம் எவ்வளவு விமரிசையாகச் செய்கிறோம். பேனர், பந்தல், தாய்மாமன் மடி, கறிவிருந்து. ஆனால் அது ஒரு வயதிலோ மூன்று வயதிலோ வருகிறது, டெஸ்டுக்கு அவ்வளவு நாள் பொறுக்க முடியாது. பிள்ளையைக் கொண்டுவிடும் நாள்தான் சரியான நாள். பெண்ணைப் பெற்ற பாட்டிமார்களே, அன்று கொண்டுபோகும் சீர்த்தட்டில் காது டெஸ்ட் சீட்டையும் வையுங்கள். தேறியிருந்தாலும் வையுங்கள், தேறாவிட்டாலும் ஒளிக்காமல் வையுங்கள், அடுத்த டெஸ்ட் எந்தத் தேதி என்று தெளிவாக எழுதி வையுங்கள். பையனைப் பெற்ற பாட்டிமார்களே, கொலுசு எத்தனை கிராம் என்று பார்ப்பதற்கு முன் அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். தேறவில்லை என்று இருந்தால் மருமகளை ஒரு வார்த்தை சொல்லாமல், அடுத்த வாரமே பிள்ளையை நீங்களே தூக்கிக்கொண்டு முண்டியம்பாக்கத்துக்கு பஸ் ஏறுங்கள். சீட்டே இல்லை என்றால், இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ எத்தனை வயதாகியிருந்தாலும், இந்த மாதத்துக்குள் ஒரு சீட்டு வாங்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லித்தரும் ஆசிரியை